வெயில் ஏற ஏற சார்ஜ் இறங்கின 48 வோல்ட் பேங்க்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு வீடு, அதோட ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ் ரூம். அஞ்சாறு வருஷமா 24 வோல்ட் சோலார் செட்டப் ஓடிட்டு இருந்துச்சு. 12 வோல்ட் 150 ஏஹெச் (ஆம்ப்-ஹவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி ரெண்டு சீரிஸ்ல (ஒண்ணோட பிளஸ் அடுத்ததோட மைனஸுக்கு, வோல்டேஜ் கூடும்), மாடில 200 வாட் பேனல் ஆறு, பேனல்ல இருந்து முடிஞ்ச அளவு பவரை எடுத்து பேட்டரிக்குக் குடுக்குற ஒரு எம்பிபிடி கன்ட்ரோலர். பேனல் எல்லாம் பழைய 54 செல் பாலி டைப், பின்னாடி லேபிள்ல விஓசி (லோடு இல்லாதப்ப வர்ற வோல்டேஜ்) 32.9, விஎம்பி (உச்ச பவர் குடுக்கும்போது வோல்டேஜ்) 26.3, ஐஎம்பி (அப்ப ஓடுற ஆம்ப்) 7.6னு இருந்துச்சு. ரெண்டு ரெண்டு பேனலா சீரிஸ் போட்டு, அந்த மூணு ஸ்ட்ரிங்கையும் பேரலல்ல (வோல்டேஜ் அப்படியே, ஆம்ப் கூடும்) சேர்த்திருந்தாங்க. 24 வோல்ட் பேங்குக்கு, அதாவது சேர்த்துக் கட்டின பேட்டரி வரிசைக்கு, அது நல்ல கனெக்‌ஷன்தான், குறை சொல்ல ஒண்ணும் இல்ல, அந்த வருஷமெல்லாம் பேட்டரி ஒழுங்கா நிரம்பியும் இருக்கு.

அப்புறம் ஆபீஸ் ரூம்ல லோடு ஏறிச்சு. 2000 வாட் எடுக்கணும்னா 24 வோல்ட்ல 83 ஆம்ப் ஓடணும், 48ன்னா 42 போதும், ஆம்ப் பாதியானா அதே வயர்ல வீணாகுற பவர் நாலுல ஒரு பங்காயிடும். அதனால 48 வோல்ட் இன்வர்ட்டருக்கு மாறுறதுன்னு முடிவு பண்ணது சரியான முடிவு. பழைய ரெண்டு பேட்டரியோட அதே மாடல்ல புதுசு ரெண்டு சேர்த்து நாலையும் சீரிஸ் பண்ணி, இன்வர்ட்டரை மாத்திட்டாங்க. கன்ட்ரோலர் 12, 24, 48 மூணுக்கும் தானா மாறிக்கும்னு லேபிள்லயே இருந்ததால அதைத் தொடல. ஸ்விட்ச் போட்டதும் 48னு கண்டுபிடிச்சு பச்சை லைட் எரிஞ்சுது, சார்ஜிங்னு காட்டுச்சு, மாத்திக் குடுத்தவரு கிளம்பிட்டாரு. மாடில இருந்த பேனல் கனெக்‌ஷனை யாரும் நினைக்கவே இல்ல.

புகார்

என்னைக் கூப்பிட்டது அஞ்சு மாசம் கழிச்சு. ஆரம்பத்துல கரண்ட் போனா மூணு மணி நேரம் தாங்கினது இப்ப 40 நிமிஷத்துல கட் ஆகுதுன்னாரு வீட்டுக்காரர். சோலார்தான் இருக்கேன்னு இன்வர்ட்டர்ல இருந்த மெயின்ஸ் சார்ஜரையும் அணைச்சு வெச்சிருக்காரு. போன்ல அவரு சொன்ன ஒரு விஷயம் அப்ப எனக்கு சரியா உறைக்கல.

"பேனல்ல தூசி ரொம்ப சேருது தம்பி, மத்தியானம் போய் கழுவி விட்டா உடனே ஆம்ப் ஏறுது, ஒரு அரை மணி நேரம் நல்லா இருக்கு, மறுபடி விழுந்துடுது."

நானும் சரி, அழுக்காதான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அரை மணி நேரத்துல பேனல்ல எவ்வளவு தூசி சேர்ந்துடும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போன்லயே பாதி விஷயம் தெரிஞ்சிருக்கும்.

முதல் நாள் பார்த்தது

காலைல எட்டரைக்கு போயி உக்காந்து, பகல் பூரா கன்ட்ரோலர் டிஸ்ப்ளேவை நோட்ல எழுதிட்டே இருந்தேன். போரடிக்குற வேலைதான், ஆனா இந்த மாதிரி கேஸ்ல ஒரே ஒரு தடவை மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு கிளம்புனா கண்டிப்பா ஏமாந்துடுவோம்.

8:40க்கு பேட்டரி 51.0 வோல்ட், சார்ஜ் கரண்ட் 9 ஆம்ப். 10:30க்கு வெயில் நல்லா ஏறிடுச்சு, ஆனா கரண்ட் 8தான், பேட்டரி 51.8. 12:30க்கு தலைக்கு நேரா வெயில், மாடில செருப்பில்லாம நிக்க முடியல, கன்ட்ரோலர்ல 3 ஆம்ப். ஒரு மணிக்கு ஒரு மேகம் வந்து மறைச்சுட்டுப் போச்சு, வெயில் திரும்ப வந்த பிறகும் கன்ட்ரோலர் 0லயே நின்னுச்சு. எர்ரர் கோடு ஒண்ணும் இல்ல, பேனல் வோல்டேஜ் குறைவுன்னு மட்டும் ஒரு சின்ன குறி. மூணரைக்கு காத்து அடிக்க ஆரம்பிச்ச பிறகு அதுவா எழுந்து 4 ஆம்ப் குடுத்துச்சு.

சோலார்ல மத்தியானம்தான் உச்சம் இருக்கணும். இங்க உச்சம் காலைல 9 மணிக்கு. தூசின்னா நாள் பூரா ஒரே விகிதத்துல குறையும், வயர் பிரச்சனைன்னாலும் கரண்ட் ஏற ஏற நஷ்டம் கூடும், ஆனா கரண்ட் மூணுக்கெல்லாம் விழாது. வெயில் ஏறும்போது இறங்குற ஒரே விஷயம் பேனலோட வோல்டேஜ்.

பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு பேனல் பக்கம் மீட்டர் வெச்சேன். ரெண்டு பேனல் சீரிஸ், லேபிள்படி 65.8 வோல்ட் வரணும், வந்தது 56.4. பேனலோட பின்பக்கத்துல டெம்பரேச்சர் பார்த்தா 63 டிகிரி.

கணக்கு

லேபிள்ல இருக்குற நம்பர் எல்லாம் செல் 25 டிகிரில இருக்கும்போது அளந்தது. வெயில்ல காயுற பேனல்ல செல் சூடு 60, 65னு போகும். இந்த மாதிரி பழைய பாலி பேனல்ல ஒரு டிகிரிக்கு விஓசி 0.37 சதவீதம் கிட்ட குறையும், விஎம்பி இன்னும் கொஞ்சம் வேகமா, 0.45 பக்கம். 40 டிகிரி கூடுனா விஓசி 15 சதவீதம் அடி, விஎம்பி 18 சதவீதம் அடி. ரெண்டு பேனல் சீரிஸ்ல விஓசி 56, விஎம்பி 43 வோல்ட்.

இப்ப பேட்டரி என்ன கேக்குதுன்னு பாருங்க. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கு அப்சார்ப்ஷன், அதாவது முழுசா நிரம்ப கடைசில பிடிச்சு வெக்க வேண்டிய வோல்டேஜ், 14.4ன்னு வெச்சா நாலுக்கு 57.6. அந்த மாடிப் பேனல் மத்தியானத்துல ஒரு லோடும் இல்லாம சும்மா இருக்கும்போதே 56தான் காட்டுது. அப்ப 57.6 எந்த மத்தியானத்துலயும் வரவே வராது, எத்தனை பேனலை பேரலல்ல சேர்த்தாலும் வராது.

எம்பிபிடின்னா என்ன வோல்டேஜ் குடுத்தாலும் சமாளிச்சுக்கும்னு ஒரு நம்பிக்கை நெறைய பேர்கிட்ட இருக்கு. சோலாருக்கு விக்குற எம்பிபிடில பெரும்பாலானது பக் டைப், அதாவது கூடின வோல்டேஜை வாங்கி குறைச்சு, பதிலுக்கு ஆம்பை கூட்டிக் குடுக்கும். குறைஞ்ச வோல்டேஜை ஏத்தாது. பேனல் வோல்டேஜ் பேட்டரியை விட மேல இருந்தே ஆகணும், அதுலயும் ஆரம்பிக்குறதுக்கு மட்டும் கூடுதலா ஒரு இடைவெளி கேக்கும். இந்த கன்ட்ரோலர் மேனுவல்ல அது 5 வோல்ட், ஆரம்பிச்ச பிறகு 1 வோல்ட் இருந்தா ஓடும். பேட்டரி 52ல இருந்தா ஆரம்பிக்க 57 வேணும், மத்தியானம் இருக்குறது 56. மேகம் வந்து ஒரு தடவை நின்னா திரும்ப எழ முடியாம கெடந்ததுக்கு இதான் காரணம்.

தண்ணி ஊத்துனா ஆம்ப் ஏறுனதுக்கும் இதேதான். தண்ணி தூசியைக் கழுவினதால ஏறல, பேனலைக் குளிர வெச்சதால ஏறிச்சு. 20 டிகிரி குறைஞ்சா விஓசி கிட்டத்தட்ட 5 வோல்ட் மேல போகும், கன்ட்ரோலர் எழுந்துக்கும், பேனல் மறுபடி காஞ்சதும் படுத்துக்கும். அஞ்சு மாசம் அந்த மனுஷன் தினமும் மாடிக்குப் போய் கையால பேனலுக்கு ஏசி போட்டுட்டு இருந்திருக்காரு. கொதிக்குற கண்ணாடில பச்சத் தண்ணி ஊத்துனா விரிசல் விடவும் வாய்ப்பிருக்கு, அது நடக்காதது அதிர்ஷ்டம்.

பேட்டரி ரூம்ல பார்த்தது

அடுத்த நாள் விடியக்காலைல போனேன். ராத்திரியே பேனலையும் லோடையும் கழட்டி வெக்கச் சொல்லியிருந்தேன். மொத்த வோல்டேஜ் 48.4. அவரு இத்தனை நாளும் இன்வர்ட்டர்ல இந்த ஒரு நம்பரைத்தான் பார்த்துட்டு, 48 வோல்ட் பேட்டரில 48 இருக்கு, சரியா இருக்குன்னு நெனச்சிருக்காரு. நிரம்பின 48 வோல்ட் பேங்க் ஓய்வுல 50.5க்கு மேல இருக்கணும், 48.4ன்னா பாதிக்கும் கீழ.

தனித்தனியா அளந்தப்பதான் முழு விஷயமும் வெளிய வந்துச்சு. நெகட்டிவ் பக்கத்துல இருந்து எண்ணிட்டு வந்தா முதல் பேட்டரி 11.70, ரெண்டாவது 12.05, மூணாவது 12.31, நாலாவது 12.33. முதல் ரெண்டு பழசு, மத்த ரெண்டு புதுசு. ஆசிட்டோட அடர்த்தியை அளக்குற ஹைட்ரோமீட்டர்லயும் (சார்ஜ் ஏற ஏற நம்பர் கூடும்) அதே கதை, புதுசுல 1.210, ரெண்டாவதுல 1.170, முதல் பேட்டரில 1.110, அதுல ரெண்டு செல் அதுக்கும் கீழ.

பழசு புதுசு வித்தியாசம் மட்டும் இருந்தா பழைய ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணுமே, முதல் பேட்டரி மட்டும் ஏன் இவ்வளவு கீழன்னு டார்ச் அடிச்சுப் பார்த்தா, அதோட ரெண்டு டெர்மினல்லயும் நட்டுக்கு அடில ஒரு மெல்லிசு சிவப்பு கருப்பு வயர். போய் முடியுற எடம் ரவுட்டர், கேமரா பாக்ஸ், படிக்கட்டுல ரெண்டு எல்இடி. 24 வோல்ட் காலத்துல யாரோ 12 வோல்ட் தேவைன்னு ஒரு பேட்டரில இருந்து மட்டும் எடுத்திருக்காங்க. 24 மணி நேரமும் ஒரு ஆம்ப்னு வெச்சாலே நாளைக்கு 24 ஏஹெச், 150 ஏஹெச் பேட்டரில. சீரிஸ்ல எல்லா பேட்டரிக்கும் ஒரே கரண்ட்தான் வரும், அதனால இந்த ஒண்ணுக்கு மட்டும் தனியா அந்த 24 ஏஹெச்சைத் திருப்பிக் குடுக்க வழியே இல்ல. மத்த மூணும் நிரம்பி கேஸ் விட ஆரம்பிச்சாலும் இது பின்னாடியே நிக்கும். முன்ன பேங்க் தினமும் முழுசா நிரம்பி மணிக்கணக்கா அப்சார்ப்ஷன்ல நின்னதால ஓரளவு ஈடு கட்டியிருக்கு, 48க்கு மாறின பிறகு அந்த வாய்ப்பும் போச்சு.

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. பேனல் பக்கம் போட்டிருந்த பிரேக்கர் வீட்டு ஏசி (மாறுதிசை கரண்ட்) லைனுக்குப் போடுற எம்சிபி. ஏசில நொடிக்கு நூறு தடவை கரண்ட் பூஜ்யத்தைத் தொட்டுப் போகுறதால தீப்பொறி தானா அணையும், பேனல்ல இருந்து வர்ற டிசில (ஒரே திசைல ஓடுற கரண்ட்) அப்படி ஒரு இடைவெளியே கிடையாது, ஸ்விட்ச் திறந்த பிறகும் உள்ள ஆர்க் நின்னு எரியும். முதல் நாள் நான் ஆஃப் பண்ணது அந்த பிரேக்கரைத்தான், அதுவும் பார்க்காம. 3 ஆம்ப் ஓடின நேரமா போனதால தப்பிச்சேன்.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

முதல் வழி, மூணு பேனலை சீரிஸ் பண்றது. விஎம்பி லேபிள்படி 79, சூட்டுல 65, அப்பவும் 57.6க்கு மேல தாராளமா நிக்கும். விஓசி 98.7. பழைய கன்ட்ரோலரோட உச்ச வரம்பு 100 வோல்ட். வீட்டுக்காரர் இதைப் பார்த்ததும் "98.7 தானே தம்பி, 100க்கு உள்ள வருதே, புது கன்ட்ரோலர் எதுக்கு"ன்னாரு.

இங்கதான் நான் பிடிவாதமா மாட்டேன்னுட்டேன். சூட்டுல இறங்குற அதே வோல்டேஜ் குளிர்ல ஏறும். 10 டிகிரி இருக்குற ஒரு விடியல்ல பேனலும் 10 டிகிரிலதான் இருக்கும், 25ஐ விட 15 டிகிரி கம்மி, விஓசி 5.5 சதவீதம் கூடி 104. முதல் வெளிச்சம் பட்ட கொஞ்ச நேரத்துலயே வோல்டேஜ் முழுசா எழுந்துடும், ஆம்ப் வர்றதுக்குத்தான் நேரமாகும். கன்ட்ரோலருக்கு அதிகப்படி ஆம்ப் வந்தா பெரும்பாலும் தன்னைத்தானே குறைச்சுக்கும், வோல்டேஜ் வரம்பு தாண்டுனா உள்ள ஸ்விட்ச் வேலை பாக்குற மாஸ்ஃபெட் போயிடும், அதுல ரெண்டாவது சான்ஸ் கிடையாது. இந்த வெயில் காலத்துல ஓடிடும், குளிர் காலத்துல ஒரு நாள் காலைல செத்துக் கெடக்கும், வாரண்டியும் குடுக்க மாட்டாங்க.

ரெண்டாவது வழி, குறைஞ்ச பேனல் வோல்டேஜை ஏத்திக் குடுக்குற பூஸ்ட் டைப் எம்பிபிடி. அப்படி ஒண்ணு உண்டு, பேட்டரி வண்டிகள்ல கூரை மேல ஒண்ணு ரெண்டு பேனல் மட்டும் வெக்க எடம் இருக்குற எடத்துல அதுதான் சரி. ஆனா இங்க ஆறு பேனல் இருக்கு, சீரிஸ்ல சேர்த்தா வோல்டேஜ் சும்மாவே கிடைக்குது, அதுக்கு ஏன் பூஸ்ட்.

மூணாவது, கைல இருக்குறதோட இன்னொரு 24 வோல்ட் கன்ட்ரோலர் வாங்கி, மேல் ரெண்டு பேட்டரிக்கு ஒண்ணு கீழ் ரெண்டுக்கு ஒண்ணுன்னு குடுக்குறது. பேனல் ஸ்ட்ரிங்க ரெண்டையும் தனித்தனியா, ஒண்ணுக்கொண்ணு நெகட்டிவ் கூட தொடாம வெச்சா வேலை செய்யும். ஆனா மேல இருக்குற கன்ட்ரோலரோட நெகட்டிவ் பேங்கோட நடுப்புள்ளில உக்காரும், பின்னாடி யாராவது தெரியாம ரெண்டு நெகட்டிவையும் ஒண்ணா எர்த் பண்ணா கீழ் பாதி பேட்டரி நேரா ஷார்ட். எனக்கு அது வேண்டாம்னு பட்டுச்சு.

அதனால 150 வோல்ட் வரம்புள்ள கன்ட்ரோலர் ஒண்ணு வாங்கி, மூணு சீரிஸ் ரெண்டு பேரலல்னு முடிவாச்சு. குளிர்ல 104, சூட்டுல 65, ரெண்டு பக்கமும் இடம் இருக்கு. நாலு சீரிஸ் போட்டா குளிர்ல 139, அதுவும் 150க்குள்ளதான், ஆனா ஆறை நாலால வகுக்க முடியாதே. கூடவே ஒரு லாபம், மாடில இருந்து வர்ற கேபிள்ல 23 ஆம்ப் ஓடினது இப்ப 15 ஆம்ப், அதே வயர்ல நஷ்டம் பாதிக்கும் கீழ.

செஞ்ச வேலை

வேலையை ஆரம்பிச்சது பேட்டரில இருந்து. முதல் பேட்டரில இருந்து எடுத்திருந்த 12 வோல்ட் வயரைக் கழட்டிட்டு, ரவுட்டருக்கும் கேமராவுக்கும் 48ல இருந்து 12 ஆக்குற ஒரு சின்ன டிசி கன்வர்ட்டர், அதுக்கு முன்னாடி ஒரு ஃபியூஸ். இப்ப அந்த லோடை நாலு பேட்டரியும் சமமா சுமக்குது. அப்புறம் சீரிஸைப் பிரிச்சு ஒவ்வொரு பேட்டரியையும் 12 வோல்ட் சார்ஜர்ல தனியா நிரப்பினோம், கதவு ஜன்னலைத் திறந்து வெச்சு, ஏன்னா கேஸ் விடுற பேட்டரில இருந்து வர்றது ஹைட்ரஜன், காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே பத்தும். புதுசு ரெண்டும் ஒரே நாள்ல 1.260 தாண்டிடுச்சு. ரெண்டாவது பேட்டரி ரெண்டு நாள் இழுத்து 1.240ல நின்னுச்சு. முதல் பேட்டரில நாலு செல் 1.190 வரைக்கும் வந்துச்சு, மத்த ரெண்டு 1.140ஐத் தாண்டவே இல்ல, சல்ஃபேட் ஏறி கெட்டியாயிடுச்சு. அதை மாத்தியே ஆகணும்.

ரெண்டாவதையும் சேர்த்து மாத்திடலாமான்னு பேச்சு வந்துச்சு. நிரம்புதே, இருக்கட்டும்னு விட்டேன்.

பேனல் கனெக்‌ஷனை சூரியன் வர்றதுக்கு முன்னாடியே மாத்தினோம். கரண்ட் ஓடும்போது பேனல் வயர்களை இணைக்குற எம்சி4 கனெக்டரைப் பிடுங்குனா கைக்குள்ளயே ஆர்க் வரும், 100 வோல்ட் டிசி விளையாட்டில்ல. எம்சிபிக்கு பதிலா டிசி பிரேக்கர் போட்டோம், அதுல பிளஸ் மைனஸ் குறி போட்டிருந்தா அந்தப் பக்கம்தான் போடணும், திருப்பிப் போட்டா ஆர்க்கை அணைக்குற ஏற்பாடு வேலை செய்யாது. அப்புறம் எப்பவும்போல பேட்டரி முதல்ல, பேனல் கடைசில. கன்ட்ரோலர்ல ஆட்டோவை எடுத்துட்டு கையால 48னு வெச்சேன், அப்சார்ப்ஷன் 57.6, ஃப்ளோட் (நிரம்பின பிறகு தாங்கி வெக்குற வோல்டேஜ்) 54.0.

டெம்பரேச்சர் சென்சார் பெட்டிலயே கெடந்துச்சு, போடலாமா வேண்டாமான்னு கேட்டாங்க. 48 வோல்ட் பேங்குல இது சின்ன விஷயமில்ல. ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 4 மில்லிவோல்ட்னு வெச்சா 24 செல்லுக்கு கிட்டத்தட்ட 0.1 வோல்ட், பேட்டரி 35 டிகிரில இருந்தா 57.6க்கு பதிலா 56.6 போதும். 12 வோல்ட் பேட்டரில கால் வோல்ட் தப்பு, இங்க முழுசா ஒரு வோல்ட் தப்பு, வருஷம் பூரா தண்ணி காயும். ரெண்டாவது மூணாவது பேட்டரிக்கு நடுவுல சென்சாரை ஒட்டி வெச்சோம்.

அப்புறம் நடந்தது

முதல் நாள் மத்தியானம் பேனல் வோல்டேஜ் 64, சார்ஜ் கரண்ட் 16 ஆம்ப். 150 ஏஹெச்சுக்கு பத்துல ஒரு பங்கு 15, பகல் லோடு போக பேட்டரிக்கு இதமான அளவு. மேகம் வந்துட்டுப் போனா சில நொடில எழுந்துக்குது. பேங்க் அப்சார்ப்ஷனைத் தொட்டது மூணாவது நாள், மதியம் ரெண்டு மணிக்கு, சென்சார் குறைச்சது போக 56.7ல. ஆறு மாசத்துல முதல் தடவை. வீட்டுக்காரர் டிஸ்ப்ளேவை போட்டோ எடுத்து அனுப்பினாரு, கூட வேற ஒண்ணும் எழுதல.

மூணு மாசம் கழிச்சு சார்ஜ் ஓடும்போது அளந்தப்ப மூணு பேட்டரி 14.2, 14.3னு நிக்குது, ரெண்டாவது மட்டும் 15ஐ நெருங்கிடுச்சு, தொட்டா மத்ததை விட சூடு. கொள்ளளவு சுருங்கின பழசு சீக்கிரம் நிரம்பி கேஸ் விட்டுட்டு இருந்திருக்கு, டிஸ்சார்ஜ்ல அதுதான் முதல்ல விழுந்திருக்கு. அதையும் மாத்த வேண்டி வந்துச்சு. முதல்லயே ரெண்டையும் சேர்த்து மாத்தியிருந்தா ஒரே வயசுல ஒரு ஜோடி கிடைச்சிருக்கும், இப்ப மூணு வேற வயசுல நாலு பேட்டரி ஒரே வரிசைல உக்காந்திருக்கு. அது என் தப்பான கணக்கு. வித்தியாசம் பெருகாம இருக்க ஒரு பேட்டரி பேலன்சர் போட்டிருக்கோம், மாசத்துக்கு ஒரு தடவை நாலையும் தனித்தனியா அளந்து சுவத்துல ஒட்டின தாள்ல எழுதுறாரு.

இன்னொரு தடவைன்னா

பேங்க் வோல்டேஜை ஏத்துறதா யாராவது சொன்னா நான் இப்ப முதல்ல கேக்குறது பேனலோட பின்பக்க லேபிள் போட்டோவை. விஎம்பில இருந்து அஞ்சுல ஒரு பங்கு கழிச்சு, சீரிஸ் எண்ணிக்கையால பெருக்கி, அது அப்சார்ப்ஷனை விட நாலஞ்சு வோல்ட்டாவது மேல நிக்குதான்னு பார்ப்பேன். அப்புறம் அந்த ஊரோட குளிர்ந்த விடியலுக்கு விஓசியைக் கணக்குப் போட்டு கன்ட்ரோலர் வரம்புக்குள்ள வருதான்னு பார்ப்பேன். ரெண்டும் சேர்ந்து பத்து நிமிஷ வேலை, கால்குலேட்டர் போதும். இந்த வீட்டுல அதைப் பண்ணியிருந்தா ரெண்டு பேட்டரி மிஞ்சியிருக்கும்.

போன்ல வர்ற புகாரையும் வேற மாதிரி கேக்குறேன். எத்தனை ஆம்ப் வருதுன்னு கேக்குறதுக்கு பதிலா எந்த நேரத்துல எத்தனைன்னு. போன மாசம் வேற ஒரு வீட்டுல இருந்து இதே மாதிரி ஒரு போன், காலைல நல்லா வருது மத்தியானம் படுத்துக்குதுன்னாங்க. பேனல் எத்தனை சீரிஸ்னு கேட்டேன். ரெண்டுன்னாங்க.